‘அப்பா’வில் இரண்டு ‘ப’

பழைய அச்சு மாதிரி தேய்ந்த தோற்றத்தில் ஒரு தமிழ் எழுத்துரு கிடைத்தால் முதல் வேலையாக ‘அப்பா’ என்று அடித்துப் பாருங்கள். முதல் ‘ப’வின் மூலையில் ஒரு சின்ன உடைசல் தெரிந்து, இரண்டாவது ‘ப’விலும் அதே மூலையில் அதே உடைசல் இருந்தால், அது கணினியில் சுரண்டி எடுத்த பழமை. ஈய எழுத்தில் அடித்த பக்கத்தில் அப்படி வரவே வராது. அங்கே ‘ப்’ ஒரு துண்டு ஈயம், ‘ப’ இன்னொரு துண்டு. அடி பட்ட நாளும் வேறு, பட்ட இடமும் வேறு.

ஆங்கிலத்திலும் இரட்டை எழுத்து உண்டு. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றும்தான். தமிழில் அப்படியா? ஒரு சாப்பாட்டுக் கடை மெனுவை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டி, முட்டை, அப்பம், தக்காளி, பட்டாணி, கொத்தமல்லி. வரிக்கு வரி ஒரே எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. போலித் தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல மொழி கிடையாது.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது எங்கள் பெர்மாஸ் ஜெயாதான். ஜொகூர் பாருவில் ஜாலான் தான் ஹியோக் நீ பக்கம் போனவர்களுக்குத் தெரியும். 1919இலிருந்து விறகடுப்பில் கேக் சுடும் ஹியாப் ஜூ பேக்கரி இருக்கிற அந்தத் தெருவில், பழைய கடைவீடுகள் எல்லாம் காப்பிக் கடைகளாக மாறிவிட்டன. போர்டு, மெனு, டிஷ்யூ உறை எல்லாவற்றிலும் தாத்தா காலத்து எழுத்து. அந்த மோகம் பாலம் தாண்டி இங்கேயும் வந்துவிட்டது. எங்கள் வரிசைக் கடைகளில் நாசி லெமாக், தோசை, வாழையிலைச் சோறு போடத் தொடங்கிய ஓர் அக்கா என்னிடம் வந்தார்கள். நான் கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு என்று வடிவமைத்துக் கொடுத்துக் காலம் தள்ளுகிறவன்.

“தம்பி, எங்கம்மா காலத்து நோட்டீஸ் மாதிரி இருக்கணும். புதுசாத் தெரியக்கூடாது.”

“செஞ்சிடலாம்க்கா.”

ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தேய்ந்த செரிஃப் எழுத்துகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எழுத்தின் கால் நுனியில் சின்னக் குறுக்குக் கோடு வைத்திருக்கிற ரகம்தான் செரிஃப். அதில் மை கசிந்த மாதிரி, ஓரம் மழுங்கிய மாதிரி நூறு விதம் உண்டு. அப்புறம் தமிழைக் கீழே சேர்த்தேன். அக்கா ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்கள்.

“மேல நல்லாருக்குலா. தமிழ் மட்டும் ஏன் கிளினிக் போர்டு மாதிரி இருக்கு?”

சரியான கேள்வி. வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் குடைய ஆரம்பித்தேன்.

ஆங்கிலத்தில் இந்தப் பழமைக்கு இரண்டு பரம்பரைகள் இருக்கின்றன. ஒன்று கொஞ்சம் ஏமாற்று வேலை. 1890களின் கடைசியில் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம், ஓரமெல்லாம் அரிபட்ட மாதிரி புதிதாகவே ஓர் எழுத்தை வெட்டி, ‘பதினைந்தாம் நூற்றாண்டு’ என்று பெயர் வைத்து விற்றது. பிறகு அதற்கே ‘காஸ்லான் ஆன்டீக்’ என்று பெயர் மாற்றினார்கள். காஸ்லான் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கில எழுத்து வெட்டுநர். அவருக்கும் இந்த எழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ‘லே மிசெராப்ல’ இசை நாடகத்தின் விளம்பரத் தட்டியில் பார்த்திருப்பீர்களே, அந்த எழுத்துதான். அதாவது, பிறக்கும்போதே நரைத்த எழுத்து. கணினியெல்லாம் வருவதற்கு முன்பே இந்த வியாபாரம் நடந்திருக்கிறது.

இன்னொன்று உண்மையான வழி. 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஃபெல் என்ற பிஷப் ஹாலந்திலிருந்து எழுத்து அச்சுகளை வாங்கிச் சேர்த்து, 1686இல் இறக்கும்போது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றார். அந்த எழுத்துகளில் அச்சான பக்கங்களை வைத்து இகினோ மாரினி என்ற இத்தாலியர் கணினி எழுத்துருக்களாக வார்த்தார். கோணல், கசிவு, சமமில்லாத தடிப்பு எதையும் அவர் திருத்தவில்லை. இன்றைக்கு ‘ஐ.எம். ஃபெல்’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் அறியாமலே பத்து இடத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

தமிழில் முதல் வழிக்கு முயற்சிகள் உண்டு. இரண்டாவது வழியில் முழுசாக நடந்துபோன ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

இதில் ஒரு சிக்கல், தமிழுக்குச் செரிஃப் கிடையாது என்பது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குக் கால் நுனிக் கோடு எங்கிருந்து வரும்? ரோமன் எழுத்தின் காலைக் கொண்டுவந்து ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் மாட்டினால் பழையதாகத் தெரியாது, விகாரமாகத்தான் தெரியும். அப்படிச் செய்த சில எழுத்துருக்களை விளம்பரங்களில் பார்த்து நொந்திருக்கிறேன். தமிழ் அச்செழுத்தின் பழமை வேறு இடத்தில் இருக்கிறது. தடிப்பு மெலிவில் இருக்கிறது, சுழியில் இருக்கிறது, புள்ளியில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் கைவிட்ட சில வடிவங்களில் இருக்கிறது.

அச்சில் தமிழ் ஏறியது நேற்றல்ல. 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. வெறும் பதினாறு பக்கம். இன்று தெரிந்திருக்கிற ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதன் கடைசிப் பக்கம். 1577இல் கோவாவில் செய்த எழுத்தையும், 1578இல் கொல்லத்தில் செய்த எழுத்தையும் மாதிரிக்கு அடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதாவது, தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்திலேயே எழுத்துரு விளம்பரம் வந்துவிட்டது!

அடுத்து தரங்கம்பாடி. அங்கிருந்த மதபோதகர் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில், தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரியைப் பார்த்து எழுத்து வார்த்து அனுப்பினார்கள். 1713இல் வந்து சேர்ந்தது. அதுவோ பெரிய எழுத்து. அதில் பைபிளை அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே பொறையாற்றில் சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் பெட்டிகளின் ஈயத் தகடுகளை உருக்கினார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. அந்தப் பக்கங்களின் படங்களைப் பார்த்தால் தெரியும், மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. ஓலையில் புள்ளி வைக்காத பழக்கம் ஈயத்துக்கும் வந்துவிட்டது. அதைப் படிக்க நமக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆகவே அவ்வளவு தூரம் பின்னே போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. அக்கா கேட்டது அம்மா காலத்து நோட்டீஸைத்தானே தவிர, சீகன்பால்கு காலத்தை அல்ல.

அம்மா காலத்து எழுத்தை உடனே அடையாளம் காட்டுவது அந்தப் பதின்மூன்று எழுத்துகள். ணா, றா, னா; ணை, லை, ளை, னை; பிறகு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. இப்போது இந்தத் திரையில் நீங்கள் பார்ப்பது புது வடிவம். பழைய லைக்கும் ளைக்கும் முன்னால் துதிக்கை இருக்கும். பழைய றாவிலும் னாவிலும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தின் வாலே கீழே சுழித்துக்கொண்டு ஆகாரமாகிவிடும். பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டார். தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. நம் ஊர்ப் பத்திரிகைகளும் பள்ளிப் புத்தகங்களும் பின்னால் அதே வழிக்கு வந்தன.

அச்சுக் கோப்பவர் கண்ணால் பார்த்தால் இந்தச் சீர்திருத்தத்தின் அருமை புரியும். பதின்மூன்றில் கடைசி ஆறும் கொம்பைப் பக்கத்தில் வைத்துக் கோத்துவிடக் கூடியவை. மற்ற ஏழுக்கும் தனித்தனி ஈயத் துண்டு வேண்டும், பெட்டியில் தனித்தனி அறை வேண்டும். ஒவ்வொரு சைஸுக்கும் அதே ஏழு. இகர ஈகார உகர ஊகார வரிசைகளுக்கு ஏற்கெனவே எத்தனை அறை! நின்றுகொண்டே நாள் முழுக்க எழுத்துப் பொறுக்குகிறவருக்கு ஏழு அறை குறைவது சின்ன விஷயமில்லை. சீர்திருத்தம் சரிதான். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆனால் எழுத்துருவில் ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. யூனிகோடில் ‘லை’ என்பது ல-வும் ஐகாரக் குறியும்தான். அதைத் துதிக்கையோடு காட்டுவதா, கொம்போடு காட்டுவதா என்பதை எழுத்துருதான் தீர்மானிக்கிறது. நீங்கள் எப்போதும் போல ‘மாலை’ என்று அடிக்கலாம், ஆவணத்தில் ‘மாலை’ என்றே தேடலாம். கண்ணுக்கு மட்டும் 1960 தெரியும். பழைய எழுத்துரு செய்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இது. அதை விட்டுவிட்டு, இன்றைய எழுத்தின் மேல் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக ஓட்டை போட்டு ‘விண்டேஜ்’ என்று போடுகிறார்கள். வடிவம் எண்பதுகளுக்குப் பிறகு, அழுக்கு மட்டும் அறுபது.

அழுக்கு என்றேனா, அதையும் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம். மாசாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பழைய கோயில் நோட்டீஸ் ஒன்று அந்த அக்கா வீட்டிலிருந்து கிடைத்தது. அறுபதுகளில் அடித்தது. ரோஜா நிறத் தாள், மடித்த இடத்தில் கிழிசல். தலைப்பு ‘தீமிதித் திருவிழா’. பூதக்கண்ணாடியை வைத்தால் அந்த ஒரு வரியே போதும். தீ, தி, த், தி என்று த-வின் குடும்பம் நான்கு தடவை வருகிறது. முதல் ‘தீ’யின் மேல் சுழி மை அடைத்துக் கரும்புள்ளியாகிவிட்டது. அடுத்த ‘தி’ ஒழுங்காக விழுந்திருக்கிறது. ‘த்’தின் புள்ளி பாதிதான் இருக்கிறது. கடைசி ‘தி’ ஒரு மயிரிழை உயரம் குறைந்ததுபோல, கீழ்ப்பாதி வெளுத்து நிற்கிறது. இரண்டு ‘தி’யும் இரண்டு முகம்.

ஓரங்களையும் பாருங்கள். எழுத்தின் நடுவில் மை கொஞ்சம் வெளுத்து, விளிம்பில் கறுத்த கரை கட்டியிருக்கிறது. ஈயம் தாளை அழுத்தும்போது மை வெளியே பிதுங்கி ஓரத்தில் சேர்வதால் வருவது அது. ஆஃப்செட்டில் இது வராது. தாளைத் திருப்பித் தடவினால் சில இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும். தேய்மானமும் இஷ்டத்துக்கு வருவதில்லை. மெல்லிய இடமும் துருத்திக்கொண்டிருக்கிற இடமும் முதலில் போகின்றன. புள்ளி போகும், கொம்பின் நுனி போகும், ‘ழ’வின் வால் போகும். ‘ட’வின் தடித்த அடிக்கோடு அவ்வளவு லேசில் போகாது. கணினி வடிகட்டிக்கு இந்த நியாயம் தெரியாது. எல்லா இடத்தையும் சமமாகக் கடித்து வைக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘காலை’யில் இருக்கிற துதிக்கை லை சரியான அளவு. இரண்டு வரி தள்ளி ‘மாலை’யில் இருக்கிற லை ஒரு சைஸ் சின்னது. அச்சகத்தில் அந்த அளவில் லை தீர்ந்துபோயிருக்கும். கம்பாசிட்டர் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகிவிட்டார். பூசையும் ஊர்வலமும் நேரத்துக்கு நடந்திருக்கும், யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

இப்படி உடைந்த எழுத்தைத் துரத்துவது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சார்ல்டன் ஹின்மன் என்ற அமெரிக்க அறிஞர், ஷேக்ஸ்பியரின் 1623ஆம் ஆண்டு முதல் தொகுப்பின் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அடிபட்ட எழுத்துத் துண்டுகள் எந்தெந்தப் பக்கத்தில் திரும்ப வருகின்றன என்று தேடினார். அதை வைத்து எந்தப் பக்கம் எந்த வரிசையில் கோக்கப்பட்டது என்று நிறுவினார். இதற்கென்றே ஒரு கருவியும் செய்தார். ஆய்வு 1963இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. உடைசல் என்பது அந்த எழுத்தின் அடையாள அட்டை.

சரி, நம் ஊரில் மூலப்பொருள் இருக்கிறதா? இருக்கிறது. நீரிணைக்கு அந்தப்பக்கம் சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கைநேசன்’ வார இதழைத் தமது தீனோதய வேந்திரசாலையில் அச்சடித்தார். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 வரை ஓடியது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வருகிறது. சிங்கை தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் சிங்கைநேசனைப் பெர்மாஸ் ஜெயாவில் உட்கார்ந்துகொண்டே புரட்டலாம். படிக்கக் கொள்ளை ஆசையாக இருக்கும். எழுத்துரு செய்யத்தான் உதவாது. பழைய நாளிதழ்ப் படங்கள் பெரும்பாலும் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை. கறுப்பும் வெள்ளையுமாக வெட்டிவிடுவதில் மையின் கரையும் வெளுப்பும் காணாமல் போகின்றன. நமக்கு வேண்டியது தாள், அல்லது ஈயம்.

ஈயமும் இருக்கிறது. மலாக்காவில் 1938இல் ஒரு சீனக் குடும்பம் தொடங்கிய தி ராயல் பிரஸ் என்ற அச்சகம், ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழியிலும் கையால் எழுத்துக் கோத்து அடித்தது. சீனர் அச்சகத்தில் தமிழ் எழுத்துப் பெட்டி! நம் நாட்டுக்கே உரிய கதை இது. இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம்கூட ஆகாது.

ஆளுக்கும் பஞ்சமில்லை. ஆப்பிள் ஃபோனில் தமிழ் படிக்கிறவர்கள் பார்க்கிற ‘தமிழ் சங்கம் எம்.என்.’ எழுத்துருவில் எம்.என். என்பது முத்து நெடுமாறன். 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய மலேசியர். இலங்கையின் தாரிக் அஸீஸ் ‘கவிவாணர்’ போன்ற எழுத்துருக்களைச் செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார். திறமை வரிசைகட்டி நிற்கிறது. தேய்ந்த எழுத்தைச் செய்ய யாராவது இறங்கினால் நான் வைக்கிற ஒரே நிபந்தனை, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் மூன்று நான்கு மாற்று வடிவமாவது இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே எழுத்து வந்தால் தானாக அடுத்த வடிவத்துக்கு மாறும்படி எழுத்துருவுக்குள்ளேயே விதி எழுதலாம். தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது. ‘அப்பா’வின் இரண்டு ‘ப’வும் அப்போது இரண்டு ஆளாக நிற்கும்.

அக்காவின் போர்டு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஒரு போர்டுக்குப் புது எழுத்துருவே தேவையில்லை. கடைப் பெயர் நாலைந்து எழுத்துதான். ஃபியோனா ராஸும் ஃபெர்னாண்டோ மெல்லோவும் செய்த ‘டைரோ தமிழ்’ என்ற இலவச எழுத்துரு, பழைய நூல்களின் தடிப்பு மெலிவை நன்றாகப் பிடித்திருக்கிறது. அதில் ரொம்பச் சின்னதாக அச்செடுத்து, போட்டோஸ்டேட் கடையில் பல தடவை பெரிதாக்கினேன். ஒவ்வொரு தடவையும் கசிவு வேறு மாதிரி வந்தது. நல்ல எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்து, துதிக்கை ளை ஒன்றை மட்டும் நோட்டீஸைப் பார்த்துக் கையால் வரைந்தேன். மலாய்தான் பெரிதாக முன்னால் இருக்க வேண்டும் என்பது ஊராட்சி விதி. தமிழுக்கு மிஞ்சிய இடம் கொஞ்சம். அந்த அளவில் சின்னக் கீறல்கள் எல்லாம் வெறும் அழுக்காகத் தெரிந்ததால் பாதியைத் துடைத்துவிட்டேன். அக்காவுக்குப் பிடித்தது. அவர்கள் மகனுக்கு ளை புரியவில்லை, “என்ன எழுத்து இது?” என்று கேட்டான். அது எனக்குப் பிடித்தது.

இனி உங்களிடம் ஒரு கோரிக்கை. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் தமிழ்நாட்டுப் பழைய அச்சுகள் பத்திரமாக இருக்கின்றன. நம் தோட்டத்துத் தீமிதி நோட்டீஸும், ஐம்பதுகளின் கல்யாணப் பத்திரிகையும், சங்கத்து ஆண்டறிக்கையும் அப்படி எங்கே சேரும்? அவை உங்கள் பீரோவில், சாமி மேடைக்குக் கீழே, பழைய பிஸ்கட் டின்னில்தான் கிடக்கின்றன. தோட்ட வீடு காலி பண்ணும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான். தூக்கிப் போடாதீர்கள். தட்டை ஸ்கேனரில், கறுப்பு வெள்ளையாக இல்லாமல் வண்ணத்தில், 600 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல், ‘அழகாக்கும்’ வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு ஸ்கேன் பண்ணுங்கள். ஃபோனில் எடுத்த படம் வேண்டாம், ஓரங்களை அதுவே மழுக்கிவிடும். அச்சகத்தின் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதை வெட்டிவிடாதீர்கள். பெர்மாஸ் ஜெயா, மாசாய், பாசிர் கூடாங் பக்கம் இருப்பவர்களிடம் ஸ்கேனர் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னுடையதைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.